ஏற்றத்தில் வியர்வை, இறக்கத்தில் நடுக்கம்: சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்கு எந்த ஜெர்கின்?

வாசகரின் கடிதம்

தேன்கனிக்கோட்டை வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 49 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கங்களில் விரிவாக எழுதியிருக்கிறார். ரோஜா பயிரிடும் பசுமைக்குடில் பண்ணை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறார். காலை 6 மணிக்குப் பூ வெட்டும் வேலை தொடங்கிவிடும் என்பதால் 5 மணிக்கே வீட்டிலிருந்து கிளம்பி, மேடும் பள்ளமுமான 11 கிலோமீட்டர் தூரத்தைச் சைக்கிளில் கடக்கிறார். ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டதாக ஓராண்டுக்கு முன்பு மருத்துவர் எச்சரித்ததும் மொபெட்டை விட்டுவிட்டு, மகன் கல்லூரி விடுதிக்குப் போன பின் வீட்டில் சும்மா நின்றிருந்த கியர் சைக்கிளை எடுத்திருக்கிறார். ஐந்து கிலோ எடை குறைந்து, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c அளவு 6.3 விழுக்காட்டிலிருந்து 5.8-க்கு இறங்கியிருக்கிறது.

கார்த்திகை முடிந்து பனி இறங்கத் தொடங்கியதிலிருந்துதான் சிக்கல். கைபேசி 13 டிகிரி என்று காட்டும் காலைகளில், உள்ளே ஸ்பாஞ்சும் வெளியே ரெக்சினும் வைத்துத் தைத்த கனத்த ஜெர்கினைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறார். முதல் ஏற்றம் முடிவதற்குள் பனியன் பிழிந்தெடுக்கும் அளவுக்கு நனைந்துவிடுகிறது. அடுத்த இறக்கத்தில் பல் கிட்டுகிறது. பண்ணைக்குப் போய்ச் சேரும்போது விரல்கள் வெளுத்து மரத்துப்போகின்றன. போதாததற்குச் சிறு வயதில் இருந்த இழுப்பு (ஆஸ்துமா), இந்த ஆண்டு மெல்லத் திரும்புவதுபோல் தோன்றுகிறது என்கிறார்.

‘இன்னும் கனமாக ஒன்று வாங்குங்கள், இல்லாவிட்டால் சைக்கிளை விட்டுவிட்டு மொபெட்டில் போங்கள்’ என்பது அவருடைய மனைவியின் கட்சி. ரூ.6,800 விலையில், மழை உள்ளே புகாத ஜெர்கின் ஒன்றை மகன் பார்த்து வைத்திருக்கிறார். ஓசூர்க் கடையில் ரூ.1,100-க்கு மெல்லிய விண்ட்சீட்டர் ஒன்றை வாசகரே பார்த்தார். ஆனால் ‘காகிதம்போல் இருக்கிறது, இது எப்படிக் குளிர் தாங்கும்’ என்று வைத்துவிட்டு வந்துவிட்டார். வியர்வை ஈரத்தில் பனிக்காற்றுப் பட்டால் நெஞ்சில் சளி கட்டுமா, காதை மூடாமல் போனதால்தான் இழுப்பு வந்ததா, அழுக்குத் தெரியாது என்பதற்காகக் கறுப்பு நிறம் எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். தாம் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களைக் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் குறித்திருக்கிறார்.

மருத்துவரின் பதில்

அன்புள்ள ஐயா, முதலில் உங்களைப் பாராட்ட வேண்டும். சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டவர்களில் பலர் ‘நாளை முதல் நடக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு, முழுச் சர்க்கரை நோயாளியாகத்தான் என்னிடம் திரும்பி வருகிறார்கள். நீங்கள் வேலைக்குப் போகும் வழியையே பயிற்சியாக்கிக்கொண்டீர்கள். தை, மாசி இரண்டு மாதக் குளிருக்காக அதைக் கைவிட வேண்டிய தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஜெர்கினைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் கணக்கைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. அதைவிட முக்கியமாக, கடிதத்தின் ஓரத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒரு மாத்திரையின் பெயரைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

உங்களை நடுங்க வைப்பது எது?

உங்கள் ஜெர்கின் போதிய கனமில்லாததால் குளிர்கிறது என்று நினைக்கிறீர்கள். கடிதத்தை இரண்டு முறை படித்த பின் எனக்குத் தோன்றுவது இதற்கு நேர்மாறானது: அது அளவுக்கு மீறிக் கனமாக இருப்பதால்தான் உங்களுக்குக் குளிர்கிறது.

சைக்கிள் மிதிக்கும்போது நம் தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் பெடலைச் சென்று சேர்கிறது. மீதி முழுவதும் வெப்பமாகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது வெளிவரும் வெப்பத்தைப்போல ஐந்தாறு மடங்கு, ஏற்றத்தில் அதற்கும் மேலாக, உடல் வெளியே தள்ள வேண்டியிருக்கிறது. அந்த வெப்பம் ரெக்சினுக்குள் அடைபட்டுப்போவதால், உடல் தனக்குத் தெரிந்த ஒரே வழியில், அதாவது வியர்த்து, தன்னைக் குளிர்வித்துக்கொள்ளப் பார்க்கிறது. ரெக்சின் காற்றையும் விடாது, நீராவியையும் விடாது. ஆவியாகிப் போக வழியில்லாத வியர்வை முழுவதையும் பருத்தி பனியன் குடித்துக்கொள்கிறது.

அடுத்து இறக்கம் வருகிறது. கால் சும்மா இருக்கிறது, வெப்ப உற்பத்தி சட்டென்று குறைகிறது, எதிர்காற்று கூடுகிறது. உடம்போடு ஒட்டியிருப்பதோ ஈரத்துணி. அசையாத காற்றைவிட நீர் இருபது மடங்குக்கும் மேலாக வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாவதற்கு உடலிலிருந்து சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். உங்கள் பனியனில் இருப்பது அதில் பத்தில் ஒரு பங்கே ஆனாலும், அது உலரும் நேரம் முழுவதும் உங்கள் மார்பும் முதுகும்தான் அதற்கு அடுப்பு.

வெறும் காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 10 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், காய்ந்த தோலுக்கு அது ஏறத்தாழ 7 டிகிரிபோலத் தெரியும் என்பது வானிலையாளர்களின் சூத்திரம் தரும் விடை. மூன்று டிகிரி வேறுபாட்டுக்கா பல் கிட்டும்? காற்றைவிட ஈரம்தான் உங்களை அதிகம் வாட்டுகிறது. பண்ணைக்குப் போன பிறகும் சட்டை உலர்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பசுமைக்குடிலுக்குள் ஏற்கெனவே காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் அங்கே அது உலராதுதான்.

ஆகவே ஜெர்கினிடம் நீங்கள் கேட்க வேண்டியது வெப்பத்தை அன்று. வெப்பத்தை உங்கள் கால்களே தருகின்றன. எதிர்காற்றை மறிக்க வேண்டும், வியர்வையை வெளியே விட வேண்டும், இந்த இரண்டையும் ஒரே உடுப்பு செய்ய வேண்டும். வீட்டு வாசலில் நிற்கும்போது உங்களுக்குக் கொஞ்சம் குளிரத்தான் வேண்டும். கிளம்பும்போதே கதகதப்பாக இருந்தால், இரண்டாவது கிலோமீட்டரில் நீங்கள் நனையப்போகிறீர்கள் என்று பொருள். பத்து நிமிடம் மிதித்த பின்னும் குளிர் நீங்கவில்லை என்றால் மட்டுமே இன்னொரு உடுப்பைச் சேர்க்க வேண்டும்.

நீங்கள் பார்த்த மூன்றில் எது?

இப்போது வைத்திருக்கும் ரெக்சின் ஜெர்கின், மோட்டார் வண்டியில் அசையாமல் உட்கார்ந்து போகிறவருக்கானது. மொபெட்டில் போகும் நாட்களுக்கு அது நல்ல உடுப்பு; எறிந்துவிட வேண்டாம். சைக்கிளுக்கு அது ஆகாது.

மகன் பார்த்து வைத்திருக்கும் ரூ.6,800 ஜெர்கினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் அன்போடும் அக்கறையோடும் தேடியிருக்கிறார். அத்தகைய உடுப்புகளில் துணிக்கு நடுவே மிக மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். மழைத்துளி நுழைய முடியாத, நீராவி மட்டும் கடந்து போகக்கூடிய சவ்வு அது. கோர்டெக்ஸ் என்ற பெயரில் 1970-களில் சந்தைக்கு வந்த துணிதான் இவற்றுக்கு முன்னோடி. விளம்பரத்தில் சொல்வது பொய்யில்லை. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. உள்ளே ஈரம் மிகுந்தும் வெளியே காற்று உலர்ந்தும் இருக்கும்போதுதான் அந்தச் சவ்வு வழியாக ஆவி ஒழுங்காக வெளியேறும். அதற்குச் சிறந்த நிலையிலேயே, ஏற்றத்தில் மூச்சிரைக்க மிதிக்கிறவரின் வியர்வை வேகத்துக்கு அது ஈடுகொடுப்பது அரிது. பனி மூடி வெளிக்காற்றும் ஈரமாக இருக்கும் உங்கள் காலைகளில் அதன் திறன் இன்னும் குறையும். வெளித்துணியில் நீர் ஒட்டாமல் உருண்டோடச் செய்யும் பூச்சும் தேயத் தேய மங்கிவிடும், மீண்டும் மீண்டும் பூச வேண்டியிருக்கும்.

நம் வட்டாரத்தின் மழைக்காலத்தையும் கணக்கில் எடுங்கள். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையோடு அடங்கிவிடுகிறது. ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்று நம் பெரியவர்கள் சொன்ன மாதங்கள் குளிர் மிகுந்தவை, ஆனால் மழை அரிதானவை. பெய்யாத மழைக்காக ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் செலவிட்டு, நாள்தோறும் வியர்வையில் ஊற வேண்டியதில்லை. மழை நாளுக்கு ஒரு சாதாரண ரெயின்கோட்டை மடித்துக் கேரியர் பையில் வைத்துக்கொண்டால் போதும்.

அப்படியானால் நீங்கள் ‘காகிதம்போல் இருக்கிறது’ என்று வைத்துவிட்டு வந்த அந்த விண்ட்சீட்டரின் பக்கம்தான் நான் நிற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. நெருக்கமாக நெய்த மெல்லிய துணி காற்றை மறிக்கும் வேலையைக் கனத்த துணிக்கு இணையாகச் செய்யும். ஆனால் மலிவான சில விண்ட்சீட்டர்களில் துணியின் உட்பக்கம் முழுவதும் பிளாஸ்டிக் பூசியிருப்பார்கள். அது ரெக்சினுக்குத் தம்பி. முன்பக்கமும் கையின் முன்புறமும் காற்றை மறிக்க, முதுகிலோ அக்குளிலோ வலைத்துணியும் திறப்பும் வைத்துத் தைத்ததாகப் பார்த்து எடுங்கள். காற்று உங்களை முன்னாலிருந்துதான் அடிக்கிறது. ஆவி பின்னால் போகட்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை

துணியை இரு கைகளாலும் இழுத்துப் பிடித்து, வாயை ஒட்டி வைத்து ஊதிப் பாருங்கள். முன்பக்கத் துணி வழியாக உங்கள் மூச்சு மறுபக்கம் எளிதாக வந்தால், எதிர்காற்றும் அப்படித்தான் உள்ளே வரும். முதுகுப்பக்கத்தில் அதே மூச்சு கடந்து வர வேண்டும்.

கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு நாற்காலியின் முதுகைச் சைக்கிள் ஹேண்டில்பாராக எண்ணிக் குனிந்து பிடியுங்கள். அப்போது இடுப்பு தெரியும்படி பின்பக்கம் மேலேறக் கூடாது. கை முழங்கை நோக்கிச் சுருங்கக் கூடாது. வயிற்றுப் பக்கம் துணி பை போலத் தொங்கக் கூடாது. சைக்கிள்காரர்களுக்கெனத் தைத்தவற்றில் பின்பக்கம் நான்கு விரற்கடை நீளமாகவும் முன்பக்கம் குட்டையாகவும் இருப்பது இதற்காகத்தான். தொளதொளவென்ற உடுப்பு காற்றில் படபடத்து, உள்ளிருக்கும் இளஞ்சூட்டையும் விசிறி விரட்டிவிடும்.

ஜிப் கழுத்து வரை ஏற வேண்டும். ஓடும் சைக்கிளில் ஒரு கையால், அதுவும் கையுறை போட்ட கையால், ஏற்றி இறக்க முடிய வேண்டும். எனக்கு இது எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. ஏற்றம் தொடங்கும் முன்பே ஜிப்பை மார்பு வரை திறந்துவிடுங்கள், வியர்க்கத் தொடங்கிய பிறகு அன்று. உச்சியை அடைந்ததும், இறங்கத் தொடங்கும் முன், மூடிவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் பல ஆயிரம் ரூபாய்த் துணி செய்யாததைச் செய்யும். ‘நெஞ்சைத் திறந்துபோட்டால் பனி இறங்கிவிடும்’ என்று வீட்டில் சொல்வார்கள். வெப்பத்தைக் கொட்டிக்கொண்டிருக்கும் நெஞ்சுக்குள் பனி இறங்காது.

மாலையில் திரும்பும்போது வெயில் இருக்கும். ஆகவே சுருட்டினால் ஒரு கைக்குள் அடங்கி, பையில் போகக்கூடியதாக இருப்பது நல்லது. துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவம் சேர்க்க வேண்டாம், இஸ்திரி போட வேண்டாம், நிழலில் உலர்த்துங்கள்.

உள்ளே போடும் பனியன்

ஜெர்கினைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். ஆனால் உள்ளே பருத்தி பனியன் இருக்கும்வரை எந்த ஜெர்கினும் முழுப் பயன் தராது. சாதாரண ஈரப்பதத்திலேயே பருத்தி தன் எடையில் 8 விழுக்காட்டை ஒட்டி நீரைக் குடித்து வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை விழுக்காட்டைக்கூடத் தொடாது. கோடையில் பருத்தியைவிட நல்ல துணி இல்லை என்று சொல்லும் அதே வாயால் சொல்கிறேன், பனிக்காலத்தில் வியர்க்க வியர்க்க மிதிக்கிறவருக்கு அது ஏற்றதன்று. விளையாட்டுக்காரர்கள் போடும் மெல்லிய பாலியஸ்டர் டி-ஷர்ட் ஒன்றை உடம்போடு ஒட்டியபடி உள்ளே போடுங்கள்.

கம்பளி நூல் இன்னும் நல்லது. அது நிறைய ஈரத்தைக் குடித்தாலும் சில்லென்று ஆகாது. நம் பக்கத்தில் ஆட்டிடையர்கள் மழையிலும் பனியிலும் தோளை விட்டு இறக்காத கருங்கம்பளியைப் பார்த்திருப்பீர்கள்; நனைந்த பிறகும் கொஞ்சம் சூடு காக்கும் என்பதால்தான் அவர்கள் அதை நம்புகிறார்கள். மெல்லிய, கையில்லாத கம்பளி ஸ்வெட்டர் ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், கைபேசி 10 டிகிரியை ஒட்டிக் காட்டும் காலைகளில் மட்டும் விண்ட்சீட்டருக்கு உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். 13 டிகிரிக்கு அது வேண்டாம்.

பண்ணையில் உங்களுக்கென ஓர் ஆணி இருக்கும் அல்லவா? அங்கே ஒரு துண்டும் உலர்ந்த பனியனும் எப்போதும் தொங்கட்டும். போய்ச் சேர்ந்த ஐந்து நிமிடத்துக்குள் உடம்பைத் துடைத்து மாற்றிவிடுங்கள். அந்தப் பனியன் பருத்தியாகவே இருக்கலாம்.

கறுப்பு நிறம் வேண்டவே வேண்டாம்

இந்தக் கேள்விக்கு மட்டும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். விடியாத இருட்டில், பனி மூட்டத்தில், தெருவிளக்கில்லாத சாலையில் கறுப்பு உடுப்போடு போகிறவரைக் குளிரைவிட லாரிதான் முதலில் தேடி வரும். அழுக்குத் தெரிந்தால் துவைத்துக்கொள்ளலாம். அதிகாலை விபத்துகளில் அடிபட்டுக் கொண்டுவரப்பட்டவர்களின் உறவினர் ‘வண்டிக்காரர் பார்க்கவே இல்லையாம்’ என்று சொல்லும் சொற்களை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். ஓட்டுநர் உங்களைக் கண்டு, பிரேக்கை மிதித்து, வண்டி முழுதாக நிற்பதற்குக் காய்ந்த சாலையிலேயே 45 மீட்டர் அளவில் ஆகும். எனவே அதற்கு வெகு முன்பாகவே நீங்கள் அவர் கண்ணில் பட்டாக வேண்டும்.

பளிச்சென்ற இளமஞ்சள் ஜெர்கின் எடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதிலும் ஒரு தவறு இருக்கிறது. அந்த ஒளிரும் நிறம் சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கித்தான் பளிச்சிடுகிறது. பகலிலும் விடிந்த பிறகும் அது நன்றாக உழைக்கும். 5 மணி இருட்டில் அதற்கு வேலையில்லை. இருட்டில் உங்களைக் காட்டுவது, வண்டியின் விளக்கொளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் வெள்ளிப்பட்டை. அது ஜெர்கினின் முதுகிலும் கைகளிலும் அகலமாக இருக்கட்டும். கூடவே இரண்டு கணுக்கால்களிலும் ஒரு பட்டை கட்டிக்கொள்ளுங்கள்: மேலும் கீழுமாக அசையும் ஒளியைக் கண்டதும், இது மிதித்துப் போகும் மனிதர் என்று ஓட்டுநரின் மூளைக்கு உடனே பிடிபட்டுவிடுகிறது. சைக்கிளின் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் தனியாக வேண்டும். முதுகில் பை மாட்டினால் ஜெர்கினின் பட்டை மறைந்துவிடும் என்பதால் பையைக் கேரியரில் கட்டுங்கள்.

தலைக்குல்லாவும் காதும்

ஜெர்கினோடு சேர்த்துத் தைத்த பெரிய தலைக்குல்லா உங்களுக்கு ஆகாது. திரும்பிப் பார்த்தால் அது திரும்பாது, பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும், ஹெல்மெட் சரியாக உட்காராது. இறுக்கிக் கட்டிய மங்கி கேப்பும் மப்ளரும் பின்னால் வரும் வண்டியின் ஒலியைப் பாதியாக்கிவிடும். உங்கள் பகுதியில் இன்னொன்றும் இருக்கிறது. ராகி முற்றும் பருவத்தில் யானைக் கூட்டங்கள் காட்டைவிட்டு வயலுக்கு வந்துபோகும் பாதைகள் அவை என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். இருட்டில் கிளை முறியும் ஓசை கேட்க வேண்டிய காதை மூடிக்கொண்டு போவதை நான் ஒப்ப மாட்டேன்.

காதை மூடாததால் இழுப்பு வருவதில்லை. காது மடல் குளிர்ந்து வலிக்கும், அது உண்மை. அதற்கு ஹெல்மெட்டுக்கு அடியில் மெல்லிய துணிப்பட்டை ஒன்று போதும். தலை வழியாகத்தான் உடல் வெப்பத்தில் பாதி போகிறது என்று சொல்லப்படுவதும் சரியன்று. உடலின் பரப்பில் தலைக்கு உள்ள பங்கை ஒட்டியே, அதாவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே, அங்கிருந்து போகிறது.

சளி, இழுப்பு, ஒரு மாத்திரை

வியர்வை ஈரத்தில் பனிக்காற்றுப் பட்டால் நெஞ்சில் சளி கட்டும் என்பது நம் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லப்படுவது. சளி பிடிப்பது வைரஸ் கிருமிகளால், அதுவும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றி. ஈரப் பனியன் உங்களை நடுங்க வைக்கலாம், ஆனால் அதுவாகச் சளியை உண்டாக்காது. என்றாலும் உங்கள் மனைவியின் அச்சத்தில் ஓர் உண்மை இருக்கிறது, அதை நான் தள்ளிவிட மாட்டேன். குளிர்ந்த உலர்காற்றை வேகவேகமாக வாயால் இழுக்கும்போது மூச்சுக்குழாயின் உட்பரப்பு ஈரமிழந்து, இழுப்பு உள்ளவர்களுக்கு அந்தக் குழாய்கள் சுருங்கும். இது கிருமி இல்லாமலேயே வருவது, ஜெர்கினால் தீராதது. பருத்தித் துணி ஒன்றால் மூக்கையும் வாயையும் தளர்வாக மூடிக்கொண்டு, முதல் பத்து நிமிடம் மெதுவாக மிதித்து, முடிந்தவரை மூக்கால் மூச்சு விட்டால் உள்ளே போகும் காற்று சூடும் ஈரமும் பெறும். உங்கள் மப்ளருக்கு ஏற்ற வேலை இதுதான்.

இப்போது அந்த மாத்திரை. ரத்த அழுத்தத்துக்காக மூன்று ஆண்டுகளாக அடினலால் சாப்பிடுவதாகக் குறித்திருக்கிறீர்கள். பீட்டா தடுப்பான் எனப்படும் வகையைச் சேர்ந்தது அது. பலருக்கு நன்மை செய்த மருந்துதான். ஆனால் கைகால் விரல்களுக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்து அவற்றைச் சில்லிட வைப்பது அதன் அறிந்த பக்கவிளைவு. இழுப்பு வரலாறு உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கவும் கூடும். விரல் வெளுத்து மரத்துப்போவதும், பல ஆண்டுகளாக அடங்கியிருந்த இழுப்பு தலைகாட்டுவதும், இரண்டுமே அந்த ஒரே இடத்தைச் சுட்டுகின்றனவோ என்ற ஐயம் எனக்கு வலுவாக இருக்கிறது. நேரில் பார்க்காமல் இதை உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

நீங்களாக ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்திவிடாதீர்கள். இந்த வகை மருந்தைத் திடீரென நிறுத்தினால் அழுத்தமும் நாடித்துடிப்பும் எகிறி, இதயத்துக்கு ஆபத்தாக முடியலாம். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் இந்த வாரமே போய், சிறு வயதில் இழுப்பு இருந்ததையும், இப்போது விசில்போல் மூச்சுச் சத்தம் வருவதையும், விரல் மரப்பதையும் சொல்லி, வேறு வகை மருந்துக்குப் படிப்படியாக மாற முடியுமா என்று கேளுங்கள். இழுப்பு அன்று இருந்ததை அவரிடம் நீங்கள் சொல்லாமலே விட்டிருக்கலாம். நாற்பது ஆண்டுக்கு முந்தைய நோயை யாரும் நினைவுபடுத்திச் சொல்வதில்லை. மருந்து மாறும் வாரங்களில் அழுத்தத்தை அடிக்கடி அளக்க வேண்டியிருக்கும். 2021-இல் உங்கள் மாவட்டத்திலேயே தொடங்கி வைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் உங்கள் ஊருக்கு வரும்போது அவர்களிடமும் அளந்து குறித்துக்கொள்ளலாம்.

குழாயில் ஊதிப் பார்க்கும் மூச்சுப் பரிசோதனை ஒன்றையும் செய்துகொள்ளுங்கள். இன்ஹேலர் தேவை என்று மருத்துவர் சொன்னால் ‘பழகிவிடும்’ என்று அஞ்ச வேண்டாம். அது போதைப் பழக்கம் அன்று. ஆனால் உடனடி ஆறுதல் தரும் இன்ஹேலரை மட்டும் கடையில் வாங்கி அடித்துக்கொண்டிருப்பதும் சரியான மருத்துவம் அன்று. அழற்சியைத் தணிக்கும் மருந்தும் சேர வேண்டும் என்பதே 2019 முதல் உலக அளவிலான ஆஸ்துமா வழிகாட்டுதல். இன்னொன்றையும் கவனித்து எழுதி வையுங்கள்: மூச்சுச் சத்தம் சாலையில் வருகிறதா, பண்ணைக்குள் நுழைந்த பின் வருகிறதா? ரோஜாச் செடிகளின் சாம்பல் நோய்க்குக் கந்தகம் அடித்த நாட்களில் கூடுகிறதா? கூடுகிறது என்றால் வழி வேறு.

மார்பில் பாரம் வைத்ததுபோல் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மெதுவாக மிதித்தும் அடங்காத மூச்சிரைப்பு, தலைசுற்றல் இவற்றில் எது வந்தாலும் ‘குளிரால்தான்’ என்று சமாதானம் செய்துகொள்ளாமல் சைக்கிளை ஓரம் நிறுத்தி 108-ஐ அழையுங்கள். குளிர் ரத்தக்குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும் என்பதால், அழுத்த நோய் உள்ள எவருக்கும் இந்த எச்சரிக்கையைச் சொல்வேன்.

மருத்துவரைப் பார்த்து வரும்வரை, ஒரு வாரமோ பத்து நாளோ, அந்த ரெக்சின் ஜெர்கினைப் போட்டுக்கொண்டு மொபெட்டிலேயே போங்கள். பிப்ரவரி 14-க்கு முந்தைய வாரங்களில் ரோஜாப் பண்ணையில் ஒரு நாள்கூட விடுப்பு கிடைக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகையால் இதை மார்கழியிலேயே முடித்துவிடுங்கள். அதன் பிறகும் பத்தடி தொலைவு தெரியாத பனிமூட்ட நாட்களிலும், யானை நடமாட்டம் இருப்பதாக வனத்துறை அறிவிக்கும் நாட்களிலும் சைக்கிளை வீட்டில் நிறுத்திவிடுங்கள். மகனிடம் அந்த ஆறாயிரத்து எண்ணூறில் விண்ட்சீட்டர், பாலியஸ்டர் டி-ஷர்ட், கையுறை, ஹெல்மெட், முன்பின் விளக்குகள் ஆகியவற்றை வாங்கித் தரச் சொல்லுங்கள். மூச்சுப் பரிசோதனையின் முடிவையும், மாற்றிக் கொடுத்த மருந்தின் பெயரையும் எனக்கு எழுதுங்கள்.